கால் விரல்களும் உரிந்தன

சத்துவாச்சாரி,
12.2.1983

சுகிர்தாவின் அப்பாவுக்கு,

லில்லி எழுதுவது. நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நீங்கள் ஆம்பூருக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுப்போன மறுநாளே உங்கள் மகள் காய்ச்சலில் படுத்தாள். இங்கே டாக்டர் தட்டம்மை என்றார். ஊசிக்கும் மருந்துக்கும் அடங்கவில்லை. கண் இரண்டும் செக்கச்செவேல் என்று ஆகி, உதடு வெடித்து, நாக்கு கோவைப்பழமாய்ச் சிவந்துவிட்டது. இப்போது காய்ச்சல் இறங்குகிற நேரத்தில் கைவிரல் நுனியெல்லாம் தோல் உரிகிறது.

மூன்று வயசுப் பிள்ளையை டேனரிக்குள் கூட்டிப்போய் ஆட்டுத்தோல் ஊறுகிற சுண்ணாம்புத் தொட்டியைக் காட்டினேன் என்று நீங்கள்தானே பெருமையாகச் சொன்னீர்கள்? உங்கள் ஆட்களின் கை உரிவதைப் பார்க்காதவளா நான்? அந்த வேலையை விடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டிருந்தால் நான் ஏன் அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்?

நாளை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். நீங்கள் வரவேண்டாம்.

லில்லி


ஆம்பூர்,
15.2.1983

அன்புள்ள லில்லிக்கு,

கர்த்தர் நம் பிள்ளையைக் கைவிடமாட்டார். கடிதம் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு அவளைத் தோளில்தான் வைத்திருந்தேன். மேஸ்திரி ராமலிங்கம் கூப்பிட்டதும் கொஞ்ச நேரம் கீழே இறக்கிவிட்டேன். அதற்குள் தொட்டியில் கை விட்டாளோ என்னவோ. "பாப்பா கிட்டவே போவல சார், பயந்துக்கினு உங்க காலக் கட்டிக்கினு நின்னுச்சு" என்கிறார் அவர். என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறாரோ?

டாக்டரிடம் சுண்ணாம்பு விஷயத்தை மறைக்காதே. என் மானம் போனால் போகட்டும், வைத்தியம் தப்பாகப் போகக்கூடாது.

வராதே என்றாய், வரவில்லை. தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்புகிறேன். வந்தாலும் "தோல் நாத்தம், குளிச்சுட்டு உள்ள வாங்க" என்பாய். அதற்கும் நான் தயார்தான்.

உன் சத்தியநாதன்


வேலூர், குழந்தைகள் வார்டு,
18.2.1983

அன்புள்ள சுகிர்தா அப்பாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு இன்லண்ட் லெட்டரைக் கிழித்துவிட்டேன். டாக்டரம்மாவிடம் சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் பிள்ளையின் சாக்ஸைக் கழற்றினார். கால் விரல்களிலும் தோல் உரிய ஆரம்பித்திருந்தது.

"அன்னிக்கு கால்ல என்னம்மா போட்டிருந்தா?" என்று கேட்டார்.

"ஷூ, டாக்டர்." உங்கள் ஆம்பூர்த் தெரு அழுக்கு படக்கூடாது என்று நானே கட்டிவிட்டு அனுப்பிய ஷூ!

"அப்போ ஷூவுக்குள்ள சுண்ணாம்பு எப்படிம்மா போச்சு?"

கழற்றிய சாக்ஸை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

இது ரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு வீங்குகிற நோயாம். கவாசாகி என்று பெயர். ஜப்பானில் கண்டறிந்தார்களாம். இதற்கென்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாதாம். காய்ச்சல், கண், நாக்கு, உரிகிற தோல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். எதனால் வருகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. சுண்ணாம்பால் இல்லை, உங்களால் இல்லை.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் ஒன்று லேசாக வீங்கியிருப்பது எக்கோ என்று எடுத்த படத்தில் தெரிந்தது. ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள், நாம் தலைவலிக்குப் போடுகிற அதே மாத்திரை! வீக்கம் வடிந்துவிடலாம், வடியாமலும் போகலாம் என்கிறார்கள். ஈஸ்டர் முடிந்து மறுபடி படம் எடுத்தால்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது.

வரவேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். உடனே வாருங்கள்.

லில்லி


ஆம்பூர்,
5.4.1983

அன்புள்ள லில்லிக்கு,

வார்டில் உங்களோடு இருந்ததும், ஈஸ்டருக்குக் கோயிலில் சேர்ந்து உட்கார்ந்திருந்ததுமே எனக்குப் போதும். படம் எடுக்கும் நாளில் லீவு தரமாட்டோம் என்கிறார்கள். டேனரி வேலையையே ஒரேயடியாக விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். அங்கே வேலூரிலேயே ஒரு ஜவுளிக் கடையில் ஆள் தேவையாம், சம்பளம் கம்மி. நீ சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் சத்தியநாதன்


சத்துவாச்சாரி,
13.4.1983

அன்புள்ள அத்தானுக்கு,

வீக்கம் வடிந்துவிட்டது! டாக்டரம்மா படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "குழாய் சரியா ஆயிடுச்சும்மா, மாத்திரைய நிறுத்திடலாம்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். உங்கள் மகள், "அம்மாவுக்கு ஊசி போட்டாங்களா?" என்று நர்ஸிடம் கேட்கிறாள். இனி அவ்வப்போது கொண்டுவந்து காட்டினால் போதுமாம்.

ஜவுளிக் கடைக்கெல்லாம் போகவேண்டாம். உங்களுக்குச் சேலை மடிக்கவா தெரியும்? பழியை உங்கள் வேலைமேல் போட்டேன், நீங்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டீர்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மூட்டை முடிச்சோடு ஆம்பூர் பஸ்ஸில் வருகிறோம். டேனரியிலிருந்து நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். குளித்துவிட்டு வருகிறேன் என்று எங்களைக் காக்க வைக்காதீர்கள்.

உங்கள் லில்லி