மூன்றாவது ஆய்வு

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அண்ணிக்குக் கால்வலி தேவலையா? நீ கடிதம் எழுதி ஐந்து மாதம் ஆகிறது. தங்கை ஒருத்தி இருப்பது நினைவிருக்கட்டும்.

ஒரு அலுவலக வேலை. நீ ஆராய்ச்சி செய்த மூட்டுவலி மாத்திரையைப் பற்றி நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, அது நல்லதா கெட்டதா என்று எங்கள் குழு எழுதப்போகிறது. பத்திரிகையில் வந்த உன் இரண்டு ஆய்வுகளிலும் மாத்திரை ஜெயித்திருக்கிறது. அச்சுக்கு வராத ஆய்வு ஏதாவது இருக்கிறதா? எல்லா ஆராய்ச்சியாளர்களிடமும் கேட்கும் கேள்விதான். கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுது.

அன்புடன்,
தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

அண்ணி உன்னைத்தான் எப்போதும் விசாரிக்கிறாள். மாப்பிள்ளை போய் ஒரு வருடமாகப்போகிறது. நீ வேலையில் மூழ்கிக் கிடப்பதும் நல்லதுதான். அதற்காக அண்ணனிடமே விசாரணையா? சின்ன வயதில் என் பென்சில் டப்பாவைச் சோதனை போட்டவள்தானே நீ!

அச்சுக்கு வராத ஆய்வு எதுவும் இல்லை. நடந்தது அந்த இரண்டுதான். போதுமா?

ஒரு நடை வீட்டுக்கு வந்து போ.

உன் அண்ணன்

மார்ச் 15

அண்ணா,

போதும்.

மூன்றாவது ஆய்வின் பதிவேடு என் மேஜையில் இருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வலி குறைந்ததில் உன் மாத்திரைக்கும் மருந்தில்லாத மாவு மாத்திரைக்கும் வித்தியாசமே இல்லை. மாரடைப்பு மட்டும் மாவு சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்கு, உன் மாத்திரை சாப்பிட்டவர்களில் பதினொரு பேருக்கு. உன்னிடம் வேலை பார்த்த நர்ஸம்மா ஜனவரியிலேயே கொண்டுவந்து கொடுத்தார். "டாக்டர் பீரோவுல வச்சுப் பூட்டச் சொன்னாரு. உங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலம்மா" என்றார்.

பதில் தெரிந்துதான் உன்னைக் கேட்டேன்.

"மாப்ள, தைரியமா போடுங்க, நான் இருக்கேன்ல" என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னாய். அவர் என்னைவிட உன்னை நம்பினார். மாத்திரை போட ஆரம்பித்த எட்டாம் மாதம் குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். என் தோளைக் கட்டிக்கொண்டு நீ அழுதாயே, அப்போதும் அந்தப் பதிவேடு உன் பீரோவில்தான் இருந்தது.

இருக்கிறது, தப்புப் பண்ணிவிட்டேன் என்று நீ எழுதியிருந்தால் மனம் இளகியிருப்பேன். அதற்குத்தான் பயந்தேன். நல்லவேளை, நீ எழுதவில்லை.

மே மாதம் எங்கள் அறிக்கை வெளிவருகிறது. மூன்றாவது ஆய்வு முழுதாக இருக்கும். ஆராய்ச்சியாளர்களின் பதில்களைக் கடைசிப் பக்கங்களில் அப்படியே அச்சிடுவது எங்கள் வழக்கம். உன் கடிதமும் கையெழுத்தோடு வரும். பென்சில் டப்பாவைக்கூட நீக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நான் உனக்கு என்ன உறவு என்பதும் அதில் இருக்கும். இனி அந்த உறவு அந்தப் பக்கத்தில் மட்டும்தான்.

இப்படிக்கு,
அவர் மனைவி