வண்டி நுழையாத சந்து

பிப்ரவரி 3

இன்றும் பள்ளிக்கூடம். சிலிண்டரில் தீயை வைப்பது, ஈரச் சாக்கைப் போர்த்தி அணைப்பது, பிள்ளைகள் கை தட்டுவது. முட்டி ஜவ்வு கிழிந்த நாளிலிருந்து இதுதான் என் வேலை. சைரன் அடித்தால் மற்றவர்கள் வண்டியில் தாவி ஏறுகிறார்கள். நான் சாக்கை மடித்துக்கொண்டு நிற்கிறேன். நான் தீயணைப்பு வீரனா, வித்தை காட்டுகிறவனா?

முட்டி சரியானால் மறுபடி வண்டிக்கு அனுப்புவதாக நிலைய அலுவலர் ஆனந்த்ராஜ் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டுகிறேன்.

பிப்ரவரி 11

பேகம்பூர் பக்கம் ஒரு சந்து. நோன்பு தொடங்கினால் வீட்டுக்கு வீடு சமோசா பொரித்துக் கடைகளுக்குக் கொடுப்பார்கள். உள்ளே இரண்டு சிலிண்டர், வாசலில் பைக். எங்கள் வண்டி முனையோடு நின்றுவிடும். குழாயை இழுத்துக்கொண்டு ஓடினாலும் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் — வேண்டாம், எழுத வேண்டாம்.

சாக்கு வித்தையைக் காட்டி முடித்தேன். சமோசா போடும் ரஃபியா என்ற பெண் கேட்டாள்: "சார், சாக்குக்கு நாங்க எங்க போறது? அரிசியே பிளாஸ்டிக் பையிலதான வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். "வாங்கி வைங்கம்மா" என்று வள்ளென்று விழுந்தேன்.

பிப்ரவரி 12

என் வீட்டில் தேடினேன். பரண், கட்டிலுக்கு அடி, மாடிப்படிக்குக் கீழே. ஒரு சணல் சாக்குகூட இல்லை. பானுப்ரியா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊருக்கெல்லாம் சொல்றீங்க. இங்க பத்திக்கிச்சுன்னா எதப் போத்துவீங்க, உங்க சட்டையவா?"

பதினெட்டு வருஷ சர்வீஸ். கட்டிய பெண்டாட்டிக்கே ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 16

மறுபடி அந்தச் சந்து. இந்த முறை சாக்கு கொண்டுபோகவில்லை. "அடுக்களையில கைக்கு எட்டுற துணி எதுவோ, அத எடுத்துட்டு வாங்க" என்றேன். வந்ததைப் பார்க்க வேண்டுமே! நைலான் சேலை, பிளாஸ்டிக் பாய், ஒருத்தி வாசல் திரையையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஆகாததை எல்லாம் ஒதுக்கினேன். ரஃபியா கையில் ஒரு பழைய சுங்குடிச் சேலை. நல்ல பருத்தி.

நாலாக மடித்து, நனைத்து, சொட்டாமல் பிழியச் சொன்னேன். எரிகிற எண்ணெயில் தண்ணீர் பட்டால் தீ சீறிப் பாயும் என்று தொண்டை வறளச் சொன்னேன். முதலில் அடுப்பை அணை, பிறகு மூடு. ஒவ்வொருத்தியையும் செய்ய வைத்தேன். ரஃபியா அடுப்பை அணைக்க மறந்து மூடப் போனாள். "இன்னொரு வாட்டி செய்யட்டுமா சார்?" என்றாள். இரண்டாவது தடவை மறக்கவில்லை.

பிப்ரவரி 20

நோன்பு தொடங்கிவிட்டது. முட்டி பரவாயில்லை. அந்தச் சந்துதான் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மார்ச் 5

சாயங்காலம் சைரன். அதே சந்து. வண்டி கிளம்பிப் போனது. நான் வாசலில் நின்றேன். எந்த வீடு? அந்தப் புள்ள ரஃபியா வீடா? கேள்வி கேட்டவமேல அன்னைக்கு ஏன்டா அப்படி விழுந்த?

இருட்டிய பிறகு திரும்பினார்கள். டிரைவர் காத்தமுத்து இறங்கும்போதே சிரித்தான். "அண்ணே, டேங்குல ஒரு சொட்டு குறையல!"

பற்றியது பக்கத்து வீட்டு எண்ணெய்ச் சட்டி. அலறல் கேட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்து மூடியது ரஃபியா. இவர்கள் குழாயோடு ஓடிப் போனபோது சட்டிமேல் ஈரச் சேலை, தீ இல்லை, ஒருத்தருக்கும் காயம் இல்லை. இவர்களுக்கு நோன்புக் கஞ்சி வேறு கிடைத்திருக்கிறது. எனக்கு ஒரு வாய் கொண்டுவரத் தோன்றவில்லை, பாவிகளுக்கு.

சாக்கு வைக்கும் அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

மார்ச் 9

ரஃபியா போன். "அண்ணே, அடுத்த சந்துல என் நாத்தனா வீடு இருக்கு. அங்க எப்ப வாரீங்க?"

சார் போய் அண்ணன் ஆகிவிட்டேன்.

மார்ச் 23

ஆனந்த்ராஜ் கூப்பிட்டார். டாக்டர் சரியென்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். "ஒண்ணாந்தேதியிலருந்து வண்டில ஏறிக்கப்பா."

"இன்னும் நாலு சந்து பாக்கி இருக்கு சார். முடிச்சிட்டு ஏறிக்கிறேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நாளைக்கு நாத்தனார் சந்து. பானுப்ரியாவும் வருகிறாள். பழைய பருத்திச் சேலைகளைத் தேடித் தேடி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒன்றை மட்டும் நாலாக மடித்து, எங்கள் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறாள்.