பத்து நிமிஷம் முந்தி ஓடிய போன்

அன்பு மகள் மரிய செலினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் அப்பாவும் நானும் உயிரோடு நன்றாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். போன வாரம் அப்பாவைப் பாம்பு கடித்ததையும் பிழைத்துக்கொண்டதையும் போனில் சொன்னேன், ஆனால் முழுதும் சொல்லவில்லை. அவர் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், காதில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பார்த்துப் படித்துக்கொள்.

புயல் மழை நின்ற மறுநாள் காலை நான் பாகூர் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தேன். கரண்டும் இல்லை, போனில் டவரும் இல்லை, புதுச்சேரி போகிற ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். ஒன்பது மணிக்குப் பக்கத்துக் கொல்லை அரிகரன் பைக்கில் ஒரு ஆளைத் தாங்கிக்கொண்டு வந்தான், பார்த்தால் உன் அப்பா. வயலில் தண்ணீர் வடியவிடப் போனவரை நல்ல பாம்பு கடித்திருக்கிறது. கண் இமை தூக்கவே முடியவில்லை, என் பேரைச் சொல்ல வந்து நாக்கு குழறியது. அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு மருந்துக்கு ஓடினேன். விஷமுறிவு மருந்து இரும்பு அலமாரியில் இருக்கிறது. முன்பு மருந்து காணாமல் போனதால் அதற்குப் பேட்டரியில் ஓடும் நம்பர் பூட்டு போட்டிருக்கிறார்கள், அந்த நம்பர் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும், போனில் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். டாக்டர் விஜயகுமாரியம்மாவின் போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. மாற்றுக்கு என்று ஆறு மாசம் முன்பு என் போனிலும் அந்த நம்பர் காட்டும் ஆப்பை ஏற்றி வைத்திருந்தார்கள், ஒரு நாளும் நான் அதைத் திறந்ததில்லை. அழுத்தினேன், சிவப்பு விளக்கு. நாலு தடவையும் சிவப்பு. ஐந்தாவதும் தப்பானால் அரை மணி நேரத்துக்குப் பூட்டு எதையும் ஏற்காது. டாக்டரம்மா கடப்பாரை கொண்டுவர ஆள் அனுப்பினார். டவர் இல்லாததால்தான் இப்படி என்று நான் புலம்ப, நர்ஸ் ஜெயசுதா, "இதுக்கு நெட்டே வேணாக்கா, உங்க போன்ல மணி இன்னா காட்டுது?" என்றாள். ஒன்பது இருபத்திரண்டு. பூட்டின் சின்னத் திரையில் ஒன்பது பன்னிரண்டு.

பஸ்ஸை விட்டுவிடக்கூடாது என்று போன மாசம் நானேதான் போனில் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருந்தேன். ஜெயசுதா சொன்னபடி, முதல் நாளே பூட்டுக்கும் போனுக்கும் ஒரே ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டார்களாம். அதோடு அந்த நேரத்து மணியைச் சேர்த்து இரண்டும் தனித்தனியாக ஒரே கணக்குப் போடுமாம், அதனால் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே ஒரே நம்பர் வரும். மணி மாறினால் நம்பரும் மாறிவிடும். அவள் போனை என் கையிலிருந்து பிடுங்கி, பூட்டில் பன்னிரண்டு பதின்மூன்றாக மாறுகிற வரை காத்திருந்து மணியைச் சரியாக வைத்தாள். அதற்குள் அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. "நீங்களே அழுத்துங்க, எனுக்கு கை ஓடல" என்றாள். அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. பத்து பாட்டில் மருந்து ஏறியது, சாயந்திரம் கண் திறந்து தண்ணீர் கேட்டார்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்டாட்டிதான் பூட்டைத் தொறந்து என்னைக் காப்பாத்தனா" என்று சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் காப்பி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விடுகிறேன். திறக்க முடியாமல் செய்ததும் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. ஜெயசுதா யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அப்பாவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கு நடந்து வருகிறேன் என்கிறார், அன்றைக்குத் திரும்பி வரும்போது சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். நீ போனில் பேசும்போது இதைப் பற்றி வாயே திறக்காதே, அவர் என் வாயால்தான் கேட்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டூட்டி முடிந்தால் தூங்கிவிட்டுப் பிறகு மற்ற வேலையைப் பார். ஆண்டவர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். என்னைத் திட்டுவதானாலும் திட்டி, இரண்டு வரி எழுதிப் போடு.

உன் அம்மா,
அந்தோணி மேரி