மந்திரி சிரிக்கிறான்

மார்ச் 4, செவ்வாய்

மந்திரிக்கு வெறிநோய் அறிகுறி எதுவும் இல்லை, தடுப்பூசியும் தவறவில்லை. காலையில் போனில் உறுதி செய்தவர் நாய்க் காப்பகத்தின் மருத்துவர். அடுத்ததையும் அதே குரலில்தான் சொன்னார்: "ஆனா சின்னப் பிள்ளைய முகத்துல கடிச்சிருக்கு சார். அம்மா புகார் எழுதிக் கொடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை விசாரணை. ஊசி போட்டு முடிச்சிடலாம்னுதான் மாநகராட்சி அதிகாரி நினைக்கிறார்."

எழுதிக் கொடுத்தவள் என் மகள். கடிபட்டவள் அவளுடைய மகள், எங்கள் குட்டி. ஐந்து வயது. இடது கண்ணுக்குக் கீழே நான்கு தையல். ஞாயிறு மதியம், என் வீட்டு ஹாலில், என் நாய்.

ஒரு விரற்கடை மேலே பட்டிருந்தால்?

மகள் போனை எடுக்கவில்லை.

மார்ச் 5, புதன்

காப்பகத்துக்குப் போனேன். வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டுவான், வேலை ஒன்றும் செய்யமாட்டான் என்றுதான் என் மனைவி அவனுக்கு மந்திரி என்று பெயர் வைத்தாள். கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தீனி தொடாமல் கிடந்தது. கூப்பிட்டேன். வால் ஆடியது.

"பாருங்க டாக்டர், என்னைப் பார்த்ததும் சந்தோஷம்."

"வாலை மட்டும் பார்க்காதீங்க சார். கால் இடுக்குல தாழ்த்திக்கிட்டு ஆட்டுறான். காது பின்னால போயிடுச்சு. மூக்கை நக்கிக்கிட்டே இருக்கான். கண்ணுல வெள்ளை தெரியுதா? பயந்து போயிருக்கான்."

நாய்க்குட்டியாக வந்தவன். இத்தனை வருடம் ஒரே வீட்டில். அவன் சொன்ன எதையாவது நான் கேட்டிருக்கிறேனா?

"அப்ப கடிக்கறதுக்கு முன்னாடியும் ஏதாவது சொல்லியிருப்பானா?"

"சொல்லாம கடிக்கிற நாய் அபூர்வம் சார். அன்னிக்கு யாராவது வீடியோ எடுத்திருந்தா கொண்டு வாங்க."

எடுத்தவள் மகள்தான். அவளிடம் எந்த முகத்தோடு கேட்பது?

கேட்டேன். மாலையில் வீடியோ வந்தது, கூடவே ஒரு வரி: "எப்படிப் பாயுறான்னு நல்லாப் பாருங்க. அப்புறம் அவனுக்காகப் பேசுங்க."

மார்ச் 6, வியாழன்

பத்திரிகைக்குப் பேட்டியைக் கேட்டு எழுதுகிற பழக்கத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதலில் சத்தமில்லாமல்.

குட்டி அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அவன் முகத்தைத் திருப்புகிறான். கொட்டாவி விடுகிறான் — தூக்கம் வருகிற நேரமில்லை அது. மூக்கை நக்குகிறான். எழுந்து சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே போகிறான். அவள் பின்னாலேயே போகிறாள். அதற்குமேல் நகர இடமில்லை. உடம்பு கட்டையாகிறது, வால் விறைத்து நுனி மட்டும் ஆடுகிறது. மேலுதடு ஏறிப் பல் தெரிகிறது.

இதற்கு எங்கள் வீட்டில் சிரிப்பு என்று பெயர். தபால்காரர் வந்தால் சிரிக்கிறான். மாப்பிள்ளை மடியில் தூக்கினால் சிரிக்கிறான். "இந்த வீட்டுல உங்களுக்குத்தான் சிரிக்கத் தெரியாது, நாய்க்கே தெரியுது," என்று மனைவி என்னைக் குத்துவாள். குட்டி பேச ஆரம்பித்த நாளிலேயே கற்றுக்கொண்ட வாக்கியம்: மந்திரி சிரிக்கிறான்.

பிறகு சத்தத்தோடு பார்த்தேன். போனைப் பிடித்திருப்பவளின் குரல் தெளிவாகக் கேட்கிறது. என் மகளின் குரல்.

"ஐயோ, சிரிக்கிறான்டி! போ, முத்தம் குடு."

குட்டி குனிகிறாள்.

கடவுளே — இத வெச்சு நான் என்ன பண்ணுவேன்? அப்படியே கொடுத்தால் அவன் பிழைக்கலாம். அவள்? பெற்ற பிள்ளையைத் தானே அனுப்பிவைத்தோம் என்று காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாளே. கொடுக்காவிட்டால் நாளை ஊசி. மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல.

மனைவியிடம் காட்டினேன். "அவ தாங்கமாட்டா. அழிச்சிடுங்க," என்றாள். தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வந்து, "அவன் மட்டும் என்ன பாவம் பண்ணான்?" என்று அழுதாள்.

மார்ச் 7, வெள்ளி

சத்தத்தை மட்டும் நீக்கிவிட்டேன். பேட்டியில் யார் சொன்ன சொல்லையும் வெட்டியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். அவன் உடம்பு பேசுவது போதும். போதுமா? கிளம்புகிறேன்.

மார்ச் 8, சனி

நேற்று எழுத உட்கார முடியவில்லை.

அதிகாரியின் அறையில் ஊமைப்படம் ஓடியது. மருத்துவர் பென்சிலால் காட்டிக்கொண்டே வந்தார்: இங்கே ஒதுங்குது, இங்கே போதும்னு சொல்லுது, இங்கே கடைசி எச்சரிக்கை. அதிகாரி படத்தை நிறுத்தினார்.

"பல்லை இவ்வளவு காட்டுது. பிள்ளை பயப்படாம முகத்தைக் கொண்டு போகுது. ஏன்?"

"எங்க வீட்டுல அதைச் சிரிப்புன்னு சொல்லுவோம்," என்றேன்.

"அப்படிச் சொல்ற மாதிரியா இருக்கு? நீங்க எழுதற ஆளு. பல்லைக் காட்டுறதுக்கும் சிரிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

அவர் உத்தரவு எழுதப் பேனாவைத் திறந்தார்.

புகார் கொடுத்தவளாக வந்திருந்த மகள் எழுந்தாள். அதுவரை என் பக்கம் திரும்பாதவள். "இதுல சத்தம் இருந்துச்சு சார். அப்பா எடுத்துட்டார்." தன் போனை மேசையில் வைத்துத் தானே ஓடவிட்டாள். அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவள் தலை குனியவில்லை.

வெளியே படிக்கட்டில் கேட்டாள்: "நீங்க எப்பப்பா கேட்டீங்க?"

"வியாழக்கிழமை."

"நான் ஞாயித்துக்கிழமையே கேட்டுட்டேன். தையல் போடுறப்ப, ஆஸ்பத்திரி வராந்தால."

"அப்புறம் ஏம்மா எனக்கு அனுப்புன?"

"நீங்களாவது திட்டுவீங்கன்னு பார்த்தேன். திட்டியிருக்கலாம்லப்பா."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

புகாரைத் திரும்பப் பெறுவதாக அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதிகாரி எந்த உறுதியும் தரவில்லை. "முகத்துல கடிச்ச நாய். மேலே கேட்டுத்தான் சொல்லணும்." மந்திரி இன்னும் சாப்பிடவில்லை என்கிறார் மருத்துவர்.

குட்டிக்குத் தையல் பிரிப்பது திங்கள் காலை. மந்திரி பற்றிய ஆணை அன்று மாலை. மகள் சற்றுமுன் போன் செய்தாள்: "ரெண்டுக்கும் நீங்கதான்ப்பா வண்டி ஓட்டணும். சாயங்காலமும் நான் வரேன்."