வெளுக்காத நீலம்

மார்ச் 3

அன்புள்ள கண்ணாடிக் கடைக்காரருக்கு,

நலம். உங்கள் முதுகுவலி எப்படி?

நான் தாளில் வரைந்த புது மூலக்கூறு ஆய்வகத்தில் உருவாகிக் கைக்கு வந்துவிட்டது. கரைத்துக் கண்ணாடித் துண்டில் பூசினால் அழகான நீலம். அதை வைத்து நகம் அகலமே உள்ள சூரிய மின்கலம் செய்தேன். வெளிச்சம் பட்டதும் மின்சாரம் நிறையவே வந்தது. துள்ளிக் குதித்தேன். நான்கே நாளில் நீலம் வெளுத்து, மின்சாரமும் படுத்துவிட்டது.

"இன்னும் ஒரு வருஷம் இரும்மா, பாதியில விட்டுட்டுப் போகாதே" என்றார் பேராசிரியர். உங்களைக் கேட்காமலே தலையாட்டிவிட்டேன். திட்டாதீர்கள்.

ஞாயிறன்று ரொட்டி வாங்கப் போய் வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யாரோடும் பேசவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

உங்கள்
கெமிஸ்ட்ரி

மார்ச் 19

என் கெமிஸ்ட்ரிக்கு,

திட்டவில்லை. திட்டினால் அங்கே கேட்கவா போகிறது?

கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் "வீட்டம்மா எப்ப வர்றாங்க?" என்பார்கள். "அடுத்த மாசம்" என்பேன். இப்போது யாரும் கேட்பதில்லை. துவைத்த துணியைக் கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில்தான் அடுக்கிவைக்கிறேன், வெறுமையாகத் தெரியாமல் இருக்கட்டும் என்று.

ஒன்று கேட்கிறேன். கடையைக் கொடுத்துவிட்டு அங்கே வந்துவிடட்டுமா? கண் மங்காத ஊர் உண்டா, பிழைத்துக்கொள்வேன். கடையை வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார். உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

உன்
கண்ணாடிக்காரன்

ஜூன் 27

அன்புள்ள உங்களுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். மூலக்கூறின் வால் போன்ற கிளைகளைக் குட்டையாக்கி, இரு முனைகளையும் மாற்றி வரைந்தேன். எட்டு முறை தோற்று, ஒன்பதாவது முறை ஜெயித்தேன்! பல வாரம் விளக்கொளியில் வைத்தும் நீலம் வெளுக்கவில்லை. எல்லோரும் கைகொடுத்தார்கள். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் மேசையில்தான் எங்கோ இருக்கிறது. ஏதோ கேட்டிருந்தீர்கள், இல்லையா? தேடிப் பார்த்து விரிவாக எழுதுகிறேன்.

உங்கள்
கெமிஸ்ட்ரி

ஜூலை 10

கெமிஸ்ட்ரிக்கு,

ஜெயித்துவிட்டாயே! உண்மையிலேயே சந்தோஷம். பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் சொன்னேன். "அப்ப வந்துடுவாங்கன்னு சொல்லுங்க" என்றார். சிரித்துவைத்தேன்.

நான் கேட்டதைத் தேட வேண்டாம். கடை கேட்டவரிடம் ஏப்ரல் முழுக்க "கொஞ்சம் பொறுங்க, வீட்ல இருந்து பதில் வரட்டும்" என்றேன். மே மாதம் கொடுத்துவிட்டேன். வேறு ஊரில், லென்ஸ் அரைக்கும் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. நாளை கிளம்புகிறேன். உன் துணிமணிகளை உன் அண்ணன் வீட்டில் சேர்த்துவிட்டேன்.

கோபமில்லை. கோபப்படவும் எதிரில் ஆள் வேண்டியிருக்கிறது.

புது முகவரிக்காகக் கீழே இடம் விட்டிருந்தேன். எழுதக் கை வரவில்லை.

கண்ணாடிக்காரன்