மூன்று தட்டு

குருநகர்,
09.01.2025

அன்பு மகள் லவீனா,

மாதாவின் துணையால் நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க அம்மா செபமாலையில் ஒரு பத்துக் கூட்டிச் சொல்கிறா. போனில் கதைப்பது எனக்குச் சரிவரவில்லை, போன் கோபுரத்தில் ஏதோ பிழை. கடிதமென்றால் ஆறுதலாக இருந்து படிக்கலாம். நீயும் கடிதமே போடு.

நல்ல செய்தி ஒன்று. மறுபடியும் கடலடியில் கடலட்டை பொறுக்கச் சுழியோடப் போகிறேன். உன் பெரியம்மாவின் மகன் ஜெறோம்தான் கூட்டு. ஒருவர் காற்றுச் சிலிண்டரோடு கீழே போனால் மற்றவர் படகில் நிற்போம். நேரம் முடிந்தால் தண்ணீருக்குள் தொங்கும் இரும்புக் குழாயில் மூன்று தட்டு. தட்டியும் நான் மேலே வருவதில்லை என்று போன வருசம் ஒரு கதை கிளம்பி, படகுச் சொந்தக்காரர் கிறிஸ்துநாயகம் சம்மாட்டியார் என்னைக் கரையில் இருத்தியது உனக்குத் தெரியும். நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்கு வந்து நீ என் காதைச் சோதித்து எழுதிய தாளை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, மடித்து வைத்துக்கொண்டு, போ என்றார். படிக்க வைத்த மகள் கை கொடுத்தாள் என்று கரையெல்லாம் பேச்சு.

வடை அனுப்பியிருக்கிறோம். ஒழுங்காகச் சாப்பிடு.

அன்பு அப்பா,
மரியரட்ணம்


மாணவியர் விடுதி,
16.01.2025

அன்பின் அப்பா,

கடிதமும் பருத்தித்துறைத் தட்டை வடையும் கிடைத்தன. வடையை விடுதிப் பிள்ளைகள் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். கடிதத்தை நான் நாலு தரம் படித்தேன்.

கேட்டல் பரிசோதனைப் பாடத்துக்காக விடுமுறையில் ஊரில் பத்துப் பேரின் காதைச் சோதித்த தாள்களின் பிரதிகளை எங்கள் மிஸ் நேற்றுத்தான் பார்த்தா. உங்களுடையதை மட்டும் தூக்கிப் பிடித்து, இருபத்தெட்டு வருசம் சுழியோடிய காதா இது, பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இப்படி வராதே என்று கேட்டா. வகுப்பு சிரித்தது.

சத்தம் கேட்டால் கை உயர்த்துங்கள் என்றேன். நான் கருவியில் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு தடவையும் கை உயர்த்தினீர்கள். ஒருமுறை சத்தமே வராதபடி வைத்து அழுத்தினேன், அதற்கும் உயர்த்தினீர்கள். பதற்றத்தில் தவறிவிட்டார் என்று விட்டுவிட்டேன். அது என் பிழை. உங்களை எனக்கு முதுகு காட்டித்தான் இருத்தினேன். எதிரில் திருவிருதய ஆண்டவர் படம். அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், செபிக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்பா, அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டிருக்கிறது.

போனில் பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்றேன். "நல்லது மகள், சந்தோசம்" என்றீர்கள். கோபுரத்தில் ஒரு பிழையும் இல்லை.

அது நான் பழகுவதற்கு எழுதிய தாள். சம்மாட்டியாரிடம் போய் நீங்களே திருப்பி வாங்குங்கள். கரையில் உங்கள் பெயர் கெடக் கூடாது என்று நான் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு கிழமை பொறுப்பேன்.

உங்கள் மகள்,
லவீனா


குருநகர்,
21.01.2025

லவீனாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவில்லை.

ஓம், கண்ணாடியில் உன் விரலைப் பார்த்துத்தான் கை உயர்த்தினேன். வேறென்ன செய்ய? ஐந்து மாதம் கிழிந்த வலை பொத்திக்கொண்டு கரையில் இருந்தவனுக்குத்தான் அது தெரியும். தண்ணீருக்குள் எல்லோரும் செவிடர்தான். எனக்குக் கண் இருக்கிறது, கையில் மணிக்கூடு இருக்கிறது. நீ படித்து முடிக்கும்வரை என் காதை என்னிடம் விட்டுவிடு. உன்னைக் கம்பஸுக்குப் படிக்க அனுப்பியது தகப்பனை உளவு பார்க்க அல்ல.

சோதனை முடிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அப்படிச் சிரித்தாய். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தாள் சம்மாட்டியாரிடமே இருக்கட்டும்.

மரியரட்ணம்


மாணவியர் விடுதி,
27.01.2025

அப்பா,

நான் அன்று சொன்னது, "இனி எனக்குப் பயமில்லை, அப்பா" என்பதுதான்.

சம்மாட்டியாருக்குப் போன் எடுத்தேன். "பிள்ளை, எழுதித்தானே தந்தனீ. எழுதித்தான் திருப்பி எடுக்கோணும். எழுத்து வரட்டும்" என்றார். அந்தத் தாள் பிழை என்று எழுதிக் கையொப்பம் வைத்து இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஜெறோம் அண்ணையிடமும் சொன்னேன். அவர் சிரித்தார். "உது எனக்கு எப்பவோ தெரியும். சித்தப்பாவை நான் பாத்துக்கொள்ளுறன், நீ படி" என்றார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னோடு கோபியுங்கள். ஆனால் கரையில் இருந்து கோபியுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், என் எழுத்துப் போய்ச் சேரும்வரை தண்ணீரில் இறங்காதீர்கள்.

லவீனா


குருநகர்,
04.02.2025

என் அன்பு மகள் லவீனா,

அம்மா போனில் பாதி சொல்லியிருப்பா. மீதியை நான்தான் எழுத வேண்டும்.

உன் எழுத்து சம்மாட்டியாருக்கும் கடிதம் எனக்கும் வெள்ளிக்கிழமைதான் வந்தன. நாங்கள் இறங்கியது வியாழக்கிழமை. மணிக்கூடு இருக்கிறது என்று உனக்கு எழுதினேன். அட்டை நிறையக் கிடந்தது, நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஜெறோம் மூன்று தட்டுத் தட்டியிருக்கிறான். மறுபடியும் மூன்று. பிறகு விடாமல் தட்டினானாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரண்டு முறை இறங்கி ஏறிய களைப்போடு அவன் மூன்றாம் முறையும் குதித்து வந்து என் தோளைப் பிடித்தான். எனக்குக் கோபம் வந்து கையை உதறினேன். என்னை இழுத்துக்கொண்டு அவன் மேலே வந்த வேகம் பிழை; மூன்று தரம் இறங்கிய உடம்பு அதைத் தாங்கவில்லை. எனக்கு ஒன்றுமில்லை. அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விட்டது. ஆசுப்பத்திரியில் கிடக்கிறான். நேற்று வலது காலின் பெருவிரல் அசைந்தது என்கிறார்கள். எழும்பி நடப்பானா என்று டொக்டர் சொல்லவில்லை.

பெரியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றா. என்னைப் பார்த்து ஏதோ கேட்டா. வாய் அசைந்தது, அவ்வளவுதான். பழக்கதோசத்தில் நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா. எதற்கு ஓம் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, மகள். அம்மாவிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

நீ ஒரு கிழமை பொறுத்ததை நினைத்து அழுகிறாயாம். அழாதே. அந்தக் கிழமையை உன்னிடமிருந்து களவெடுத்தவன் நான்.

விடுமுறை வந்ததும் அந்தக் கருவியோடு வா. எனக்குக் காது கேட்காது என்று நீ எழுதும் தாளோடு பெரியம்மாவிடம் போய், அன்று கேட்டதை எழுதித் தரச் சொல்லப்போகிறேன்.

படத்தை முன்னறையிலிருந்து கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. சோதனைக்கு அந்தச் சுவரைப் பார்த்தபடி இருப்பேன். கேட்டால் மட்டும் கை உயர்த்துவேன்.

அப்பா