கோட்டுக்கு முன்னால் விழு

செப்டம்பர் 9, திங்கள்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி முதல்வர் வேலியோரம் வந்து நின்றார். ஃபுட்பால் கோச்சுக்கு ஒமாஹாவில் பெரிய வேலை கிடைத்து, முதல் ஆட்டம் தோற்ற கையோடு போய்விட்டாராம். "சீசன் முடியற வரைக்கும் நீ பாத்துக்கோ லோர்னா. நவம்பர்ல பள்ளி வாரியம் கூடி நிரந்தரமா யாருன்னு முடிவு பண்ணும்."

நான் பெண்கள் கூடைப்பந்து கோச். சரி என்று சொல்லிவிட்டேன்! கையில் என் வீட்டுக்காரன் டேலின் ஈர ஜட்டி, வாயெல்லாம் பல். டன்ஃபோர்ட் ஊர் ஆம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு பொம்பளை கோச். ஊர் என்ன சொல்லுமோ, சொல்லட்டுமே.

எனக்கு இந்த வேலை வேண்டும். நவம்பருக்கு அப்புறமும் வேண்டும். இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 10

தம்பி கென்ட் போன் செய்தான். பக்கத்து ஊர் அல்மீராவின் கோச் அவன். "அக்கா, பந்தத் தூக்கிக்கிட்டு நாலு தடவைக்குள்ள பத்து கஜம் போகணும், அதுவாவது தெரியுமா?"

"டேய், உனக்கு ஷூ லேஸ் கட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்."

"அக்டோபர் கடைசில எங்க கூட ஆடணும். அழாம வா."

வருகிறேன்டா.

செப்டம்பர் 13, வெள்ளி

தோற்றோம். கேவலமாக.

செப்டம்பர் 16

பழைய கோச் பையன்களுக்கு நாற்பது விதமான ஆட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. பந்தை எறிபவன் இடது பக்கம் பார்க்கிறான், வாங்க வேண்டியவன் வலது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறான். நாற்பதையும் தூக்கிக் கடாசினேன். ஐந்தே ஐந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யவேண்டும். கோழி வறுக்கத் தெரியாதவள் கல்யாண விருந்துக்கு மெனு போடக்கூடாது.

பயிற்சி முடிந்ததும் எமெட் தயங்கித் தயங்கி வந்தான். நடுவில் குனிந்து நின்று பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே வருகிறவனை இடித்துத் தள்ளுவது அவன் வேலை. ஆள் குதிர் மாதிரி. நாலு வருஷமாக இடிக்கிறான், ஒரு நாளும் பந்தோடு ஓடியதில்லை.

"கோச், ஒரே ஒரு தடவை பந்த எங்கிட்ட குடுப்பீங்களா? கடைசி ஆட்டத்துக்கு அப்பா வர்றேன்னிருக்காரு."

அப்பா ரோலண்ட் நெடுந்தூர லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வேறு மாநிலத்தில். நான் யோசிக்காமல் "தர்றேன்டா" என்று சொல்லிவிட்டேன். எமெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. போகிற போக்கில் தண்ணீர்த் தொட்டியில் முட்டிக்கொண்டான்.

செப்டம்பர் 20

தோற்றோம். ஆனால் பந்தோடு கோட்டைத் தாண்டி இரண்டு டச்டவுன்! டேல் என்னைத் தூக்கிச் சுற்றினான், இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இப்போது வெந்நீர் ஒத்தடம்.

செப்டம்பர் 27

காற்று! இந்த ஊர்க் காற்றை நான் எப்படி மறந்தேன்? டாஸ் ஜெயித்தால் எல்லோரும் பந்தைக் கேட்கிறார்கள். நான் கடைசிக் கால்பகுதிக்குக் காற்று எங்கள் முதுகில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எதிரணி உதைத்த பந்து மேலே போய், யோசித்து, அவர்கள் தலையிலேயே வந்து விழுந்தது. மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டன. அப்படியும் தோற்றோம், மூன்றே புள்ளியில். வீட்டுக்கு வரும்வரை பாடிக்கொண்டே வந்தேன். தோற்றவள் பாடலாமா? பாடினேன்.

அக்டோபர் 7

போன வெள்ளிக்கிழமைத் தோல்வியைப் பற்றி எழுதவே கை வரவில்லை. ஜெயித்த ஆட்டம் அது. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம், கடிகாரத்தில் ஒரு நிமிஷம் சொச்சம். எங்கள் பையன் பிய்த்துக்கொண்டு ஓடி இன்னொரு டச்டவுன் போட்டான். ஊரே குதித்தது. நானும் குதித்தேன், முட்டாள். கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்குப் போகும் என்பது குதித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அவர்கள் ஒரு டச்டவுன் போட்டு, கூடுதல் புள்ளியும் எடுத்துச் சமன் செய்து, அப்புறம் கூடுதல் நேரத்தில் ஜெயித்தும் விட்டார்கள்.

அவன் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் சும்மா விழுந்திருந்தால்? பந்து எங்களிடமே இருந்திருக்கும். பந்தை வாங்கி வாங்கி மூன்று தடவை சும்மா மண்டி போட்டிருந்தால், கடிகாரம் ஓடி நேரம் முடிந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஜெயிப்பது உறுதியென்றால் புள்ளி எதற்கு?

ஆகவே இன்று விழும் பயிற்சி. ஐயோ, பார்த்திருக்க வேண்டும்! ஒருவனுக்கும் விழ வரவில்லை. கோட்டைப் பார்த்ததும் கால் தானாகப் பறக்கிறது. தொட்டிலில் கிடக்கும்போதே பந்தைக் கையில் கொடுத்து "ஓடு" என்று வளர்த்த பிள்ளைகள். ஒருவன் விழப் பார்த்து உருண்டு உருண்டே கோட்டைத் தாண்டிவிட்டான். சிரித்துச் சிரித்து விசில் தொண்டையில் சிக்கப்பார்த்தது. எமெட் ஓரமாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பந்தோடு ஓடாதவனுக்கு விழும் பயிற்சி எதற்கு என்று அவனை நான் சேர்க்கவே இல்லை.

அக்டோபர் 9

ஒழுங்காக விழுகிறவனுக்கு ஒரு துண்டு ஆப்பிள் பை. இன்று எல்லோரும் விழுந்தார்கள்.

அக்டோபர் 14

மளிகைக் கடையில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "கோச்சம்மா, பசங்களுக்கு விழக் கத்துக்குடுக்கறீங்களாமே? தோக்கறதுக்கு அது வேற பயிற்சியா?" சிரித்து வைத்தேன். வாரியத்திலும் இதே பேச்சுதான் என்று டேல் சொல்கிறான். ஒன்றாவது ஜெயிக்காமல் நவம்பரில் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்? மிச்சம் இருப்பது இரண்டு ஆட்டம்.

அக்டோபர் 18

தோற்றோம். இனி கென்ட் மட்டும்தான் பாக்கி.

அக்டோபர் 25, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ரோலண்ட் வந்திருந்தார். வெளிக்கோட்டை ஒட்டி லாரியை நிறுத்தி, அதன் மூக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். கென்ட் பிறந்ததிலிருந்தே அவசரக்காரன். ஆட்டத்தையும் கடிகாரத்தையும் நிறுத்திப் பேசக் கிடைக்கும் மூன்று வாய்ப்பையும் நடுவரோடு சண்டை போட்டே தீர்த்துவிட்டான். கடைசி நிமிஷத்துக்குச் சேர்த்து வைக்கவேண்டியதை! நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

கடைசியில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து எங்களிடம். இரண்டு கஜம் போய்விட்டால் போதும், மறுபடி நாலு வாய்ப்பு, கடிகாரம் பார்த்துக்கொள்ளும். போகாவிட்டால் பந்து கென்ட்டுக்கு. இரண்டு கஜம் வேண்டுமென்றால் இருப்பதிலேயே கனமானவனிடம் கொடு. இது பாலர் பாடம். எமெட்டைக் கூப்பிட்டேன்.

"இப்பத்தான்டா. ரெண்டு கஜம். முட்டித் தள்ளிட்டுப் போ."

"இப்பவா கோச்?" கண்ணெல்லாம் தண்ணீர் அவனுக்கு.

பந்தை வாங்கினான். தலையைக் குனிந்து முட்டப்போனான். முட்ட ஆளே இல்லை! அந்தப் பக்கம் கென்ட் தொண்டை கிழியக் கத்துகிறான்: "விடு, விடு, போகட்டும் விடு! போடட்டும்!" பாவி, அவனுக்கும் கணக்கு தெரியும். எமெட்டை இரண்டு கஜத்துக்குள் நிறுத்த முடியாது, அவன் புள்ளி போட்டால்தான் பந்து கென்ட்டுக்கு வரும்.

எமெட் ஓடுகிறான். குதிர் உருள்கிற மாதிரி ஓடுகிறான். நான் "விழு! விழுடா!" என்று அலறுகிறேன். ஊர் மொத்தமும் "ஓடு!" என்கிறது. ரோலண்ட் லாரி மேல் எழுந்து நின்று "ஓடு மகனே!" என்கிறார். நான் அவனுக்கு விழக் கற்றுத்தரவே இல்லையே. போச்சு, எல்லாம் போச்சு.

கோட்டுக்கு முன்னால் நின்றான். நின்று, திரும்பி, வந்த வழியைப் பார்த்தான்.

அவ்வளவுதான், அல்மீரா பையன்கள் பாய்ந்து வந்தார்கள். தடுக்க அல்ல. தள்ள! இருவர் முதுகைக் கொடுத்துக் கோட்டுப் பக்கம் தள்ளுகிறார்கள், ஒருவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்க்கிறான். "போடுடா, தயவுசெஞ்சு போடுடா!" என்று கெஞ்சுகிறார்கள். எமெட் காலை ஊன்றிக்கொண்டு "மாட்டேன், மாட்டேன்!" என்கிறான். வாழ்நாளில் ஒரு டச்டவுன் போடாதவன், எதிராளி தூக்கிக் கொடுக்கிறான், வேண்டாம் என்று மல்லுக்கட்டுகிறான்! கடைசியில் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

ஹாரன் அடிப்பதா வேண்டாமா என்று ஊருக்கே தெரியவில்லை. எமெட் எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, தன் பழைய இடத்தில் போய்க் குனிந்தான். மண்டி. மண்டி. மண்டி. கடிகாரம் முடிந்தது.

ஜெயித்தோம்! ஜெயித்தோம் ஜெயித்தோம் ஜெயித்தோம்! கென்ட் வந்து கட்டிப்பிடித்து, "அக்கா, நீ மனுஷியே இல்ல" என்றான். யார் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், யாருக்கு நான் முத்தம் கொடுத்தேன், ஒன்றும் நினைவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது ரோலண்டின் லாரி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

அக்டோபர் 26

தேவாலயக் கூடத்தில் விருந்து. காரமான பீன்ஸ் சூப், இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல். பையன்கள் மேஜை மேல் ஏறி ஆடுகிறார்கள். எனக்கு இறங்கவில்லை. அந்தப் பையனின் ஒரே டச்டவுனை நான் தின்றுவிட்டேனா? வாக்குக் கொடுத்தேன். பந்தைத்தானே தருவதாகச் சொன்னேன், தந்தேனே? — சீ, வக்கீல் மாதிரிப் பேசாதே லோர்னா. அவன் எதற்குக் கேட்டான் என்று உனக்குத் தெரியும்.

எமெட் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் கத்துனது கேட்டுச்சாடா?"

"இல்ல கோச். ஒண்ணுமே கேக்கல."

"அப்புறம் எப்படி நின்ன?"

ரோலை மென்று முடித்தான். "நாலு வருஷமா என்னை இடிக்காம ஒருத்தனும் விட்டதில்ல. திடீர்னு வழி விட்டாங்க. அதுல ஏதோ சூது இருக்குன்னு தோணுச்சு. அப்பத்தான் விழறவனுக்கு நீங்க குடுத்த ஆப்பிள் பை ஞாபகம் வந்துச்சு."

சிரித்தேன். அவனும் சிரித்தான். பிறகு, "அப்பா போன் எடுக்கல" என்றான்.

நவம்பர் 11, திங்கள்

வாரியக் கூட்டம். ஒரு கிழவர், "பையன் வாய்ப்பைப் பறிச்சவங்க கைல பசங்கள எப்படி விடறது?" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ரோலண்ட். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டே பேசினார். "அன்னிக்கு எனக்கு ரொம்பக் கோவம். கொலராடோ எல்லை வரைக்கும் ரேடியோகூடப் போடல. டீசல் போடற இடத்துல ஒருத்தன் கேக்கறான், 'டன்ஃபோர்டா? கோட்டுல நின்னு திரும்பினானே, அந்தப் பையன் ஊரா?'ன்னு. யாரோ படம் புடிச்சு நெட்ல போட்டிருக்காங்க. 'என் பையன்'னேன். அங்கருந்த லாரிக்காரனுங்க எல்லாரும் எந்திரிச்சு வந்து கை குடுத்தானுங்க. எனக்கு யாரும் அப்படிக் குடுத்ததில்ல." கிழவரைப் பார்த்தார். "இந்தம்மாவ மாத்தறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டு மாத்துங்க."

வேலை எனக்கே! நிரந்தரமாக! டேல் மறுபடி தூக்கினான். இந்தத் தடவை இரண்டு பேரும் விழுந்தோம்.

நவம்பர் 17, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தோம். புல்வெளியில் வாண்டுகள் விளையாடிக்கொண்டிருந்தன. பந்தை வைத்திருந்த சிறுமி கோட்டுக்கு ஓடினாள், நின்றாள், திரும்பினாள். மற்றதெல்லாம் அவளை உள்ளே தள்ளப் பார்த்தன. அவள் கீச்சிட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். உடனே சண்டை. "போன தடவையும் நீதான்! இப்ப நான்தான் எமெட்!" "இல்ல, நான்தான் எமெட்!"

எமெட் அப்பாவோடு படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காது நுனி வரை சிவந்துவிட்டது. ரோலண்ட் அவன் தோளில் கையைப் போட்டார். இரண்டு பேரும் அங்கிருந்து நகரவே இல்லை.